எண்பத்துநாலில் ஐம்பத்தெட்டு போனால்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் வீட்டு கேட்டில் யாரோ செருகிவிட்டுப் போன ஒரு துண்டுச் சீட்டுதான் இதற்கு மூலம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம், குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: “நாய்க்குச் சோறு போடவும். வாயில்லாத ஜீவன். பாவம்.”

கீழே பெயர் இல்லை. இரக்கப்படுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள், பெயர் போட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

எனக்கு வந்ததே கோபம்! சீட்டை மேசைமேல் விரித்து, இந்தத் தெருவையே கிழித்துத் தொங்கவிடுவது என்று எழுத உட்கார்ந்தேன். நான் எழுதிப் பிழைப்பவள். எனக்குப் போடத் தெரிந்த சண்டை அது ஒன்றுதான்.

2

முதல் தொடக்கம்:

“அந்த நாய், காற்றில் இழுத்த ஒரு கோடு போல—”

(அடித்தாயிற்று. கோடும் வேண்டாம், காற்றும் வேண்டாம். நாய் என்றால் நாய்.)

இரண்டாவது தொடக்கம்:

“ஒரு ஊரில் ஈவிரக்கமில்லாத ஒருத்தி, தன் நாயைப் பட்டினி போட்டு—”

(இது தெருவின் கதை. அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.)

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: என் நாய் ஒல்லி. ஓடுவதற்கென்றே பிறந்த இனம். நீளக் கால், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. அது வீட்டுக்கு வந்த அன்றே பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றும் ஓயாதவர், மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்னம்மா இது, ஈர்க்குச்சிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு?” என்றார். நான் ஆசை ஆசையாக வைத்த பெயர் அன்றோடு போயிற்று. தெருவுக்கு அது ஈர்க்குச்சி. இப்போது எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

3

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், தெருவில் பத்துப் பேருக்கு நடத்தியாயிற்று.

நாய் வந்த புதிதில் கால்நடை மருத்துவர் சொன்னது இது: “கண்ணால பாக்காதீங்க, ஏமாத்தும். கண்ணை மூடிட்டு விலாவைத் தடவுங்க. உங்க புறங்கையைத் தடவினா எலும்பு எப்படித் தட்டுப்படுது? அப்படி இருந்தா சரி. உள்ளங்கை மாதிரி மெத்துனு இருந்தா கொழுப்பு. கையை மடக்கி, விரல் முட்டியைத் தடவுற மாதிரி இருந்தா மெலிவு. இந்த இனத்துக்கு ரெண்டு மூணு விலா வெளிய தெரியலாம், தப்பில்ல. ஆனா இடுப்பெலும்பு துருத்தக் கூடாது. தொடைச் சதை கரையக் கூடாது. மாசாமாசம் எடை பாருங்க.”

பார்த்தேன். என் வீட்டு எடைமேடை, வட்ட முகமும் முள்ளும் வைத்த பழையது. ஈர்க்குச்சி அதன்மேல் ஒரு நொடி நிற்காது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன். இருவரும் சேர்ந்து எண்பத்துநாலு. அதில் என் எடை ஐம்பத்தெட்டு* போனால் நாய் இருபத்தாறு கிலோ. நோட்டில் மாதம் தவறாமல் எழுதினேன்.

(* கல்லூரி முடித்த நாளிலிருந்து நான் ஐம்பத்தெட்டு. வாசகர்கள் இந்த இடத்தில் சிரிக்க வேண்டியதில்லை.)

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒருத்தர் ரொட்டித் துண்டு எறிவார். இன்னொருத்தி என் காதில் விழும்படியே, “வளக்க வக்கில்லன்னா எதுக்கு வளக்கணும்?” என்பாள். கடைசியில் குடியிருப்போர் கூட்டத்தில் என் நாயின் வயிறு ஒரு விவாதப் பொருளாயிற்று. அப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் நான் நோட்டோடு போனேன்.

“ஆறு மாசமா இருபத்தாறு. ஒரு கிலோ கூடல, குறையல. பாருங்க சார்!”

வாத்தியார் கண்ணாடி போட்டு, விரல் வைத்து, ஆறு மாதக் கழித்தலையும் சரிபார்த்தார். “கழித்தலெல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார், அரைமனதாக. நான் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

4

கதைக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்காவை எடுத்துக்கொண்டேன். வாயில் எப்போதும் நாலு குண்டூசி. குண்டூசிக்கு இடையிலேயே பேசுவார். ஒல்லி நாய்க்குக் குளிர் தாங்காது என்று ஈர்க்குச்சிக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். (இந்த வாக்கியத்தை முதல் வரைவில் வேண்டுமென்றே விட்டிருந்தேன். வில்லிக்கு நல்ல குணம் எதற்கு?)

சீட்டு வந்த மறுநாள், அவரிடம் சரிசெய்யக் கொடுத்திருந்த என் மேல்சட்டையை வாங்கப் போனேன். கோட்டுப் பொத்தான் அறுந்திருந்ததால் ஈர்க்குச்சியும் கூட வந்தது.

“உன் சட்டையில ரெண்டு இஞ்ச் பிரிச்சு விட்டிருக்கேன்,” என்றார் அக்கா. பிறகு நாய்க்குக் கோட்டை மாட்டினார். அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. “இவனுக்கு ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்.”

“நீங்களுமா அக்கா? அந்தச் சீட்டு உங்க வேலைதானா?”

“என்ன சீட்டு? நான் என்ன பாவம்னா சொன்னேன்? டேப்பு சொல்லுது. போன குளிருக்கு இவன் இடுப்பு இருபது. இப்பப் பதினெட்டு. நீ ஏறிக்கிட்டே போற, அவன் இறங்கிக்கிட்டே போறான்.”

முதல் வரைவில் அடுத்த வசனம் இப்படி இருந்தது: “எழுதுறவ எழுதிட்டுப் போ, நாய் வளக்காத,” என்று அக்கா சொன்னார்.

பொய். அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னவள் நான். நான் சொன்னது இது: “துணி தைக்கிறவங்க துணி தைங்க. டாக்டர் வேலை பாக்காதீங்க.”

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டின் வயிற்றுப் பக்கத்தைப் பிடித்துக் குத்திக்கொண்டே இருந்தார். நாய் அவர் மடியில் தலை வைத்திருந்தது.

5

அவர் முகத்தில் கரி பூசுவதற்காகத்தான் அன்று எடை பார்த்தேன். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எண்பத்துநாலு! பார்த்தாயா, என்று காலி அறையில் கத்தினேன்.

என் கத்தலில் ஈர்க்குச்சி மிரண்டு கையிலிருந்து குதித்தது. நான் இன்னும் மேடையில்தான் நின்றிருந்தேன். முள் ஆடி, ஆடி, அறுபத்திரண்டில் நின்றது.

இறங்கினேன். ஏறினேன். அறுபத்திரண்டு. மேடையை வேறு மூலைக்கு இழுத்துப் போட்டு ஏறினேன். செருப்பில்லாமல், வளையல் இல்லாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அறுபத்திரண்டு.

அப்படியானால் நாய் இருபத்திரண்டு. ஆறு மாதமாக நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதி எழுதி, பிஸ்கட் தின்று தின்று, கிலோ கிலோவாக ஏறியிருக்கிறேன். அது அதே அளவு இறங்கியிருக்கிறது. கூட்டுத்தொகை அசையவில்லை. வாத்தியார் சொன்னது சரி, கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, விலாவில் கை வைத்தேன். மடக்கிய கையின் முட்டி. தொடையில் சதை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். தெருவில் எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்து இந்த விலாவில் வைத்தேன்! என் கையை வைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

(அப்படியானால் தெரு சொன்னது சரியா? இல்லை! அது இருபத்தாறு கிலோவில் காற்றாய்ப் பறந்தபோதும் இதே “பாவம்”தான். தினமும் தப்பாகச் சொல்லிச் சொல்லி, சரியாகச் சொல்லவேண்டிய நாளில் என் காது செத்துப்போகும்படி செய்துவிட்டார்கள். இந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் என்மேல் இருக்கும் கோபம் இதைவிடப் பெரியது.)

6

“பூச்சி இல்ல, பல்லு நல்லா இருக்கு,” என்றார் மருத்துவர். “சாப்பிடுறது உடம்புல ஒட்டல. குடல்லதான் கோளாறு. சீக்கிரம் வந்திருக்கலாமே?”

அவரிடம் அந்த நோட்டைக் காட்டவா?

மருந்து கொடுத்தார். தீனியை மாற்றினார், நாலு வேளையாகப் பிரித்தார். வேறு யாரும் எதையும் போடக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் எடை. முதலில் நான் தனியாக, பிறகு இருவரும். “ஆறு வாரத்துல ஒரு கிலோ ஏறினா தப்பிச்சான். இறங்கினா வேற மாதிரி பேசணும்,” என்றார்.

அக்காவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கும் வசனத்தை மூன்று விதமாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

“அடப் போடி,” என்றார். “அவனைக் கூட்டிட்டு வா, அளக்கணும்.” ஞாயிறுதோறும் டேப்போடு அவரே மேலே வருகிறார். இன்னும் அந்தப் பேச்சை நான் சொன்னதாக அவர் ஒருமுறைகூடக் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் வலிக்கிறது.

7

முடிவு (அ): நாய் தேறுகிறது. தெருவே கூடி நிற்கிறது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி—

(வேண்டாம். அவர் கண் கலங்கும் காட்சியை எழுத எனக்குக் கை வராது.)

முடிவு (ஆ): தையல் இயந்திரத்தின்மேல் ஒரு சின்னக் கோட்டு மடித்து வைத்திருக்கிறது. அதை யாரும் வாங்க—

(இதை முடிக்க மாட்டேன். செத்தாலும் முடிக்க மாட்டேன்.)

இன்று மூன்றாவது ஞாயிறு. சற்று முன்தான் ஏறி இறங்கினோம். முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் “அப்பாடா” என்றோ “பாவம்” என்றோ ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போய்விடுவீர்கள், அந்த ரொட்டித் துண்டைப் போல.

நோட்டின் இந்த வாரப் பக்கத்தை அப்படியே தருகிறேன். இரண்டாவது வரியை நீங்களே நிரப்புங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நிரப்பும் முன் உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். பழைய எண்ணை வைத்துக் கழிக்காதீர்கள், இன்றைக்கு ஏறிப் பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

நான்: ~~58~~ 62

ஈர்க்குச்சி: ______