மாதிரிக் கோப்பின் மூன்றாம் வரி

ஆபீஸில் அவரை 'அரிச்சுவடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்குகிறவனுக்கும் புரிகிற மாதிரி பாடம் எழுதுவதில் ஆள் கெட்டிக்காரர். அதைத் தானே சொல்லிக்கொள்வதில் இன்னும் கெட்டிக்காரர். இந்த முறை சல்லடை என்றொரு கருவி. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், பெரிய பட்டியலிலிருந்து வேண்டாத வரிகளைக் கழித்து மிச்சத்தைக் காட்டும்.

பாடத்தைச் சோதிக்க அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒன்றும் தெரியாத ஒருவர் படித்துப் படித்துத் தட்ட வேண்டும். இவர் பின்னால் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பாடம் தோற்றது. அன்று மத்தியானம் மாட்டிக்கொண்டது அவர் மனைவி. தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மாதிரிக் கோப்பு நாலே வரி. அப்பா, அம்மா, மனைவி, தம்பி. ஒவ்வொருவருக்கும் வயது, தொழில். மூன்றாம் வரியை நீக்கிப் பாருங்கள், பயப்படாதீர்கள், திரையில்தான் மறையும், கோப்பு அப்படியே இருக்கும் என்றது பாடம்.

"கடைசியில என்னையே கழிச்சுக் கட்டிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கோப்பையே மாற்றி எழுதிவிடும் ஒற்றை எழுத்தைக் கட்டளையிலிருந்து எடுக்க மறந்திருந்தார். சொல்லலாம்தான். சொன்னால் பாடம் தோற்றுவிடுமே. போனால் போகிறது, மாதிரிதானே என்று வாயை மூடிக்கொண்டார். வறட்டுக் கௌரவம் யாரை விட்டது.

அவள் என்டரைத் தட்டினாள். நாற்காலி காலியாக இருந்தது.

கதவு திறந்த சத்தம் இல்லை. தையல் மெஷின் இருந்த மூலையில் தூசி படிந்த அட்டைப்பெட்டிகள் கிடந்தன. தம்பிக்குப் போன் போட்டு அண்ணி அங்கே வந்தாளா என்று கேட்டார்.

"எந்த அண்ணி? உனக்குத்தான் கல்யாணமே ஆகலையேண்ணா," என்றான் அவன்.

அவர் ஓடிவந்து மூன்றாம் வரியைத் திரும்பத் தட்டினார்: மனைவி, முப்பத்தெட்டு, தையல்.

நாற்காலியில் அவள் இருந்தாள். அவர் அழுதேவிட்டார். தோளைத் தொட்டதும் மரியாதையாக விலகிக்கொண்டாள்.

"நான் உங்க மனைவி. வயசு முப்பத்தெட்டு. தையல் தெரியும்."

அதற்குமேல் எதைக் கேட்டாலும் திருதிருவென்று விழித்தாள். அவர் உட்கார்ந்து அந்த வரியை நீட்ட ஆரம்பித்தார். பிறந்த ஊர். கூடப்பிறந்தவர்கள். சர்க்கரை போடாத காப்பி. ஒவ்வொன்றாகச் சேமிக்கச் சேமிக்க அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிடித்த நிறம் என்று தட்டியவர் அங்கேயே நின்றார். அவள் எதற்குப் பயப்படுவாள், யாரிடம் மனம்விட்டுப் பேசுவாள், தைக்கும்போது தனக்குள் என்ன முணுமுணுப்பாள், ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதெல்லாம் தெரிந்த ஒரே ஆளான அவளையே தொலைத்தாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் எட்டி, விரல்கள் நின்றுவிட்ட இடத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானாங்க?" என்றாள். "இன்னும் ஏதாவது இருக்கும்ல?"