மாங்காய்ப்பால் வாசனை

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அருணாதேவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தட்டு எதிரில் வந்தால் எழுந்து போய்விடுவாள், அவ்வளவுதான். சோறு இரும்பு வாசனை அடிக்கிறது என்றாள். பால் இரும்பு, கொத்தமல்லி இரும்பு, குளிக்கிற சோப்பும் இரும்பு.

வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் கலையரசன் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். அருணா மூக்கால் பிழைத்தவள். தேரடித் தெருவில் அவள் அப்பா வைத்திருந்த பழக்கடையைப் பத்தொன்பது வயதில் கையில் எடுத்து, இரைப்பையில் கட்டி என்று தெரிகிறவரை அவள்தான் நடத்தினாள். கூடைமேல் பரப்பிய வைக்கோலை விலக்காமலே உள்ளே அழுகல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்கப் போன அன்று அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சே, "நீங்க கொண்டாந்த சாத்துக்குடில ரெண்டு உள்ள காஞ்சிருக்கு. எந்தக் கடைல வாங்குனீங்க?" என்பதுதான்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழந்தை இல்லை. கலையரசனுக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில், ராஜமாணிக்கம் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். ராஜமாணிக்கம் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி தேய்ந்து போனதால் மாடிப்படி ஏறுவதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கீழே வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

மாடியில் பக்கத்து அறைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் மார்த்தா என்ற இத்தாலிக்கார அம்மாள் வந்து தங்குவாள். அருணாவின் ரசத்துக்கு அடிமை. அந்த வருஷம் மாசிக் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது கலையரசனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்தாள். உள்ளே ஐந்து விதைகள். கஞ்சா விதை. பழ வாசனை அடிக்கிற ஜாதி என்றாள். தன் தங்கைக்கும் இதே மாதிரி சீக்கு வந்ததாம், இதன் பூ கொடுத்த பிறகுதான் நாலு வாய் சாப்பிட்டாளாம். இந்த ஜாதி உயரமாக வளரும், பூக்க நாளாகும், அவசரப்படக்கூடாது. தெரிந்த தமிழையும் தெரியாத இங்கிலீஷையும் கலந்து இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியில் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டி, "இங்க ஜெயில். நீ யோசி" என்றாள்.

கலையரசன் யோசித்தான். சிக்னலில் ஆளே இல்லாவிட்டாலும் நின்று போகிறவன் அவன். அந்தத் தீப்பெட்டி மூன்று நாள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தது. வேலூரில் டாக்டரிடம் பசிக்கு வேறு மருந்து கேட்டான். கொடுத்தார். பலனில்லை. நாலாம் நாள் காலையில் அருணா ஒரு ஸ்பூன் கஞ்சியை விழுங்கிவிட்டு, வாசற்படிவரை போகமுடியாமல் அங்கேயே வாந்தி எடுத்தாள். எடுத்தபின், "மன்னிச்சுக்கோங்க" என்றாள். அன்றைக்கே அவன் மொட்டை மாடியில், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால், பழைய பெயின்ட் பக்கெட்டில் விதைகளைப் போட்டான்.

ஐந்தில் இரண்டு முளைத்தன. ஒன்றை எறும்பு தின்றது. மிஞ்சினதை ஊரை ஒட்டிய மலையிலிருந்து வரும் குரங்குகள் பிடுங்காமலிருக்கக் கம்பி வலையால் ஒரு கூண்டு கட்டினான். ஆபீஸுக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், துணி காயப்போடுகிற சாக்கில் ஏறிப் பார்ப்பான். அருணாவிடம் மூச்சு விடவில்லை.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. வீட்டுக்குள் அனல். அருணா கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். கலையரசன் ஆபீஸிலிருந்து வந்து தேடி ஏறியபோது அவள் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கூண்டுக்குள் கையை விட்டு ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்திருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இத மோந்து பாருங்க."

அவன் கிட்டே வந்தான். "இன்னாது?"

"நீலம் மாங்கா வாசனை. பழம் இல்ல, காயி. காம்பக் கிள்ளுனா பால் வடியும் பாருங்க, கைல பட்டா கொப்பளிக்கும், அந்த வாசனை." மறுபடி முகர்ந்தாள். "எனக்கு வருதுங்க. இரும்பு இல்ல. நல்லா வருது."

அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன செடி இது?"

பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. மார்த்தா சொன்னதையெல்லாம் சொன்னான்.

அருணா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களா? பால் வாங்கப் போறதுக்கே ஹெல்மெட் போடுற ஆளு! கீழ ஏட்டையாவ வச்சிக்கினு மேல கஞ்சா போட்டீங்களா?"

"மெதுவா பேசு அருணா."

"எனக்காகவா?"

கீழே இறங்கியதும் அவள் மோர்ச்சோறு கேட்டாள். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் மேலே போனார்கள். பூ வந்தால்தான் பயன் என்று மார்த்தா சொல்லியிருந்தாள், பூ இன்னும் வரவில்லை. ஆனால் அருணாவுக்கு இலையே போதுமாக இருந்தது. ஒன்றைக் கசக்கி முகர்ந்துவிட்டு, அந்த வாசனை போவதற்குள் இறங்கிவந்து சாப்பிடுவாள். மலைக்கு எதிரே உட்கார்ந்து கடைக் கதைகள் சொல்லுவாள். அப்பா கடனுக்குப் பழம் கொடுத்துவிட்டு ஆளை மறந்துபோவது, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் ஒரு மாடு கடைக்குள் புகுந்து ஒரு தார் வாழைப்பழத்தையும் தின்றது. பாதிக் கதைகளை அவன் பதினாலு வருஷத்தில் கேட்டதே இல்லை. வேலூரில் எடை பார்த்த நர்ஸ், "ஒரு கிலோ ஏறியிருக்கே, என்னம்மா சாப்டீங்க?" என்றபோது அருணா அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாங்கா" என்றாள்.

செடி வளர்ந்தது. ஆனி முடிவதற்குள் கூண்டைத் தாண்டியது. வளைத்துக் கயிறு கட்டினான். கட்டிய இடத்திலிருந்து புதுக் கிளை கிளம்பி நேரே மேலே போனது. ஆடி பிறந்தபோது கைப்பிடிச் சுவருக்கு மேல் அதன் தலை தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் பைக்கை எடுக்கும்போது ராஜமாணிக்கம் பேப்பரை மடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, மாடில என்னமோ ஜாஸ்தி வளந்துட்டா மாதிரி இருக்கே."

"செடிங்க ஏட்டையா. சும்மா."

"தெருமுனைல இருந்து பாத்தா தெரியுது. பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் பேப்பரை விரித்துக்கொண்டார். கலையரசன் மூன்று தரம் உதைத்த பிறகுதான் பைக் ஸ்டார்ட் ஆனது.

அதே வாரம் வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்த்த ஒருவரைப் பக்கத்து ஊரில் பிடித்த செய்தி வந்திருந்தது. ஆபீஸில் டீ குடிக்கும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. "நம்மள மாதிரி கவர்மென்ட் ஆளுன்னா அன்னிக்கே சஸ்பெண்ட். ஜாமீன்கூட சுலுவா கெடைக்காது" என்றார் ஒருவர். கலையரசன் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இன்னும் இரண்டு கீமோ பாக்கி. அவன் உள்ளே போனால் அருணாவை வேலூருக்கு யார் கூட்டிப்போவது? யாரிடமும் கேட்க முடியாது. கேட்டாலே காட்டிக்கொடுத்தது மாதிரி.

அருணாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தரம் வாய்வரை வந்தது. அவள் பயந்துபோவாள், சாப்பிடுவதை விட்டுவிடுவாள் என்று அடக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தங்கை எழிலரசி வந்து, அடி அண்ணாமலையில் அம்மா வீட்டில் ஒரு பகல் இருந்துவிட்டு வரட்டும் என்று அக்காவை ஆட்டோவில் அழைத்துப்போனாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் கலையரசன் மேலே ஏறினான். கிளைகளின் கணுக்களில் வெள்ளையாக, முடி மாதிரி, ஏதோ புதிதாக விட்டிருந்தது. பூ அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று மார்த்தா சொல்லியிருந்தாள். அவன் அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு வேரோடு பிடுங்கினான்.

துண்டுதுண்டாக நறுக்கி யூரியா சாக்கில் போட்டு, பைக்கில் கட்டிக்கொண்டுபோய், தண்ணீர் வற்றிய ஏரிக் கரையில் முள்செடிகளுக்கு நடுவே குழி தோண்டிப் புதைத்தான். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கிற சோப்பால் கையைக் கழுவினான். புளி போட்டுத் தேய்த்தான். வாசனை போகவில்லை.

சாயங்காலம் அருணா வந்தாள். அம்மா வீட்டில் தயிர் சாப்பிட்டதாகச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மாடிக்குப் போனாள். அவன் கூடவே போகவில்லை. படியில் அவள் காலடி ஏறுவதை எண்ணிக்கொண்டு சமையலறையில் நின்றான். மேலே வெகுநேரம் சத்தமே இல்லை. கடைசியில் அவனே ஏறினான்.

அவள் பக்கெட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். மண் கிளறிக் கிடந்தது.

"குரங்கா?" என்றாள்.

குரங்கு என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றான். ஏட்டையா சொன்னதை, பேப்பரில் வந்ததை, இன்ஷூரன்ஸை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"சரிங்க" என்றாள்.

"உனக்காகத்தான் அருணா."

"சரிங்க, நான் ஒண்ணும் சொல்லலியே."

அவன் கையை எடுத்தாள். என்ன செய்கிறாள் என்று அவனுக்குப் புரிவதற்குள் உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று இறங்கிப்போனாள்.

மறுநாள் அவன் மார்க்கெட்டுக்குப் போய் நீலம் காயாகவே இரண்டு கிலோ வாங்கிவந்து காம்பைக் கிள்ளிக் கொடுத்தான். அவள் முகர்ந்தாள். அவன் மனசு நோகக்கூடாது என்று இன்னொரு தரமும் முகர்ந்தாள். "இரும்புதாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் மாடிக்கு ஏறவில்லை. ஐந்தாவது கீமோவுக்கு உடம்பு தாங்காது என்று டாக்டர் தள்ளிப்போட்டார். இன்னொரு தரம் தள்ளிப்போட்டார். ஆவணி இருபத்தாறாம் தேதி, பகல் பதினொன்றரை மணிக்கு, எழிலரசி தலையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அருணா போய்விட்டாள். அவன் மருந்துக் கடையில் இருந்தான்.

செடி இருந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். டாக்டர் முதல் மாதமே சொல்லியிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அந்தச் செடிய ஏன் தம்பி எடுத்துட்டீங்க?" என்றார்.

கலையரசன் நிமிர்ந்தான்.

"முப்பத்தோரு வருஷம் டிபார்ட்மென்ட்ல இருந்தவன். இலையப் பாத்தா தெரியாதா? அந்தப் பொண்ணு தெனம் மேல போயி சிரிச்சிக்கினு எறங்கும். எதுக்குன்னும் தெரிஞ்சிது."

"நீங்க… பாத்துக்கோங்கன்னு சொன்னீங்களே ஏட்டையா."

"ஆமா. தெருவுக்குத் தெரியுதேன்னு சொன்னேன். மறைப்பா ஒரு பச்சைத் துணி வாங்கிக் கட்டுவீங்கன்னு பாத்தேன்." அவர் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "வெளிப்படையா சொல்ல வாய் வரல. என் வாயால எப்படிச் சொல்றது?"

சாப்பிட வரச்சொல்லி உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கலையரசன் எழுந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்தான். இலையில் சோறு விழுந்தது. மயானத்தில்கூட அழாதவன் அங்கே, பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு நிற்க, தலையைக் குனிந்துகொண்டு அழுதான். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

தை மாதம் வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்தான். சாமான் கட்ட எழிலரசி வந்தாள். அக்காவின் புடவைகளை மடிக்கும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"தெரியும் மாமா" என்றாள் எழிலரசி. "அக்கா சொல்லிச்சு."

"திட்டிச்சா?"

அவள் புடவையை மடித்து முடித்து, பெட்டிக்குள் வைத்து, மேலே கையால் அழுத்தினாள்.

"இல்ல. 'அவரு பயந்தது நாயந்தான், எங்கிட்ட கேட்டிருந்தா நானே புடுங்கிடுங்கன்னு சொல்லியிருப்பேன்'னு சொல்லிச்சு. 'ஒரு வார்த்த கேக்கல பாரு'ன்னு ரெண்டு மூணு தரம் சொல்லிச்சு மாமா. அதத்தான் சொல்லிக்கினே இருந்துச்சு."

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். கலையரசன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். எழிலரசி மறுபக்கம் பிடித்தாள். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.