பூவுக்கு ஐந்து மதிப்பெண்

பாலத்தை உடைத்தது நான்தான். மேசையைப் பார்க்காமல் பையை வைத்தேன், சடக்கென்றது. மூன்று கிலோ தாங்கும் என்று எழுதி ஒட்டிய குச்சிப் பாலம். என் பையிலோ பதினொரு பள்ளிகளின் மதிப்பீட்டு அறிக்கைகள். பாவம், அது என்ன செய்யும்?

"பரவாயில்ல சார்," என்றாள் அதைச் செய்த எட்டாம் வகுப்புப் பெண். "மார்க் போட்டாச்சுல்ல?"

"போட்டுட்டேன்மா. இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு."

"அப்ப சரி."

துண்டுகளை வழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கற்றுத்தரும் வகுப்பு இது. அதை அளக்கப் படிவம் போட்டவன் அடியேன். ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண். நல்ல கத்தரிக்காய் எதுவென்று பார்த்து வாங்கத் தெரியாதவன் என்று வீட்டில் பெயரெடுத்தவனுக்கு இந்த வேலை. படிவம் வந்த முதல் வருடம் நேரில் வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து புகைப்படம் பார்த்தே ஒரே மத்தியானத்தில் நானூறு பேருக்கு மதிப்பெண் போட்டேன். அப்போது அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். படிவத்தைச் சோதித்துப் பார்க்கும் பன்னிரண்டு பள்ளிகளில் இது கடைசி. இன்று 'பயன் உண்டு' என்று கையெழுத்துப் போட்டால் என் படிவம் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விடும்.

மிச்சம் பதினான்கு பாலங்கள், அச்சில் வார்த்த மாதிரி. எல்லாவற்றின் இடது மூலையிலும் ஒரே சிவப்புப் பூ.

"டீச்சர், இந்தப் பூ எதுக்கு?"

"கலைக்கு சார். பூ போட்டா அஞ்சு. முன்னாடி இலையும் போட்டோம். இலைக்குத் தனியா மார்க் வரல, விட்டுட்டோம்."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

படிவம் பிறப்பதற்கு முன் இதே அறைக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். புருவத்தில் தழும்போடு ஒரு குட்டிப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, காதை வைங்க!" கோணல்மாணலாக ஒரு பாலம், குறுக்கே ரப்பர் பேண்டுகள். சுண்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பாடியது. "குட்டையா கட்டினா கீச்சுன்னு கத்தும், அளந்து வச்சிருக்கேன்" என்றாள். அதில் சொக்கிப்போய்த்தான் படிவத்தில் கலைக்கும் ஒரு கட்டம் போட்டேன்.

குப்பைக்கூடையருகே நின்றவளை உற்றுப் பார்த்தேன். புருவத்தில் அதே தழும்பு.

"அந்தப் பாடுற பாலம்... நீதானேம்மா?"

அவள் டீச்சரைப் பார்த்தாள்.

"எப்பவும் முழு மார்க் சார் இவ," என்றார் டீச்சர்.

"நம்ம ஸ்கூலுக்கே பெருமை," என்றார் கூடவே வந்திருந்த தலைமையாசிரியர்.

நான் கேட்டது அதுவல்ல. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். முட்டி முனகியது.

"இப்ப ஏன் அப்படிச் செய்யறதில்ல?"

குப்பைக்கூடையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"செஞ்சேன் சார், மொத வருஷம். கோணலா இருக்குன்னு பொறியியலுக்கு ஒண்ணு. அலங்காரம் இல்லன்னு கலைக்கு முட்டை. கீழ உங்க கையெழுத்துதான் இருந்துச்சு. போட்டோவுல பாட்டு கேக்காதுல்ல சார்."