குன்றுக்கு ஒரு வழி

பூசான் நகர அரங்கில் கூட்டம் நிரம்பிவிட்டது. பின்னறையில் ஹேரிமுக்குக் காபிகூட இறங்கவில்லை. கணினிப் போர் விளையாட்டுகளுக்கு நிலம் வரைகிறவள் அவள். எங்கே மலை, எங்கே பள்ளம், எந்த வழியாகப் படை நடக்கும் என்பதெல்லாம் அவள் வைத்தபடிதான். இறுதி ஆட்டத்துக்கு அவளுடைய மேப் தேர்வானது இதுவே முதல் முறை.

பக்கத்தில் தோகுன் அதைக் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் மேடையில் ஆடியவன். இப்போது அவள் மேப்புகளில் ஓட்டை தேடும் நண்பன்.

"ஹேரிம், கீழ் மூலைய பாரு."

மேல் மூலையில் ஓர் ஆட்டக்காரருக்கும் கீழ் மூலையில் இன்னொருவருக்கும் முகாம். கீழ் முகாமுக்குப் பின்னால் இருந்த குன்றின் மேல், விமானத்திலிருந்து ஒரு பீரங்கியை இறக்கியிருந்தான். முகாமில் தாது வெட்டும் வேலையாட்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுந்தார்கள்.

"ஆள ஏத்தி அந்த பீரங்கிய அடி."

"எப்படி ஏறுறது? அழகா இருக்கணும்னு சுத்தி மரமா நட்டு வச்சிருக்கியே. பூனைகூட நுழையாது."

"மேல் மூலையில?"

"அங்க குன்று தள்ளியிருக்கு. குண்டு எட்டல."

அவள் திரையில் இரண்டு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். வரையும்போது இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று மேல் மூலையைத் திருப்பிக் கீழே வைத்தபோது பாறை விளிம்புகள் பொருந்தவில்லை. பொருத்துவதற்காகக் குன்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்திருந்தாள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

"பேசாம இரு. யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றான் தோகுன்.

"கீழ் மூலையில ஆடுறவன் கதி?"

அவள் எழுந்து நடுவரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார். இரண்டு ஆட்டக்காரர்களும் சம்மதித்தால் திருத்தலாம். ஒருவர் மறுத்தாலும் இப்படியேதான் ஆட வேண்டும். விதி அப்படி.

இருவரையும் அழைத்தார்கள். குலுக்கலில் கீழ் மூலை விழுந்திருந்தவன் உடனே தலையாட்டினான். மேல் மூலைக்காரன் ஜின்ஹ்வான் விரல்கள் விறைக்காமலிருக்கச் சூட்டுப்பையைப் பிடித்தபடி நின்றான்.

"நான் அந்த குன்ற எப்பவோ பாத்துட்டேன்கா" என்றான். "அத வச்சுதான் இத்தனை நாளா பழகுனேன். இப்ப வந்து ஊருக்கே சொல்லிட்டீங்க."

"தப்பு என்னுதுதான் தம்பி."

"இனிமே நான் ஜெயிச்சாலும் குன்றுதான் ஜெயிச்சதும்பாங்க." சூட்டுப்பையை மேசையில் எறிந்தான். "சரி, மாத்துங்க. ஆனா குன்ற நகத்தக் கூடாது. நான் பழகுனது பழகுனதா இருக்கட்டும். வேணும்னா அவன் ஏறி வர வழி விடுங்க."

ஹேரிம் மரங்களை அழித்துச் சரிவு ஒன்று வைத்தாள். தோகுன் படையை ஏற்றினான்; பீரங்கி ஒரு குண்டுகூடப் போடுமுன் நொறுங்கியது.

"ரொம்ப அகலம். குன்று இருந்தும் இல்லாத மாதிரி."

குறுக்கினாள். ஒரே ஒரு சிப்பாய் நின்று வழியை அடைத்துவிட்டான். நேரமாகிவிட்டதென்று நடுவர் கதவைத் தட்டினார். இந்த முறை ஹேரிம் தோகுனிடமிருந்து மௌஸைப் பிடுங்கித் தானே படையை நடத்தினாள். எங்கே முட்டுகிறது, எங்கே பிதுங்கி வழிகிறது என்று அப்போதுதான் பார்த்தாள். இரண்டு பேர் தோளுரசி ஏறும் அளவுக்கு விட்டாள். முதல் வரிசை செத்தது. இரண்டாவது வரிசை பீரங்கியைத் தொட்டது.

"இதயே நடுவர்கிட்ட குடு!" என்று கத்தினான் தோகுன்.

ஆட்டத்தில் ஜின்ஹ்வான் குன்றின்மேல் இரண்டு பீரங்கிகளை இறக்கினான். வேலையாட்கள் மடிந்தார்கள். எதிராளியின் படை சரிவேறிச் செத்தது, மறுபடி ஏறியது, மறுபடி செத்தது. அரங்கமே எழுந்து நின்றது. ஹேரிம் திரையைப் பார்க்க முடியாமல் தோகுனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஏற்றத்தில் பீரங்கிகள் வெடித்தன. அதன்பின் ஜின்ஹ்வான் நெடுநேரம் தாக்குப்பிடித்துத் தோற்றான்.

அவன் கண்ணில் படாமல் கிளம்பிவிட நினைத்தாள். அவனே பின்னறைக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, அந்த சரிவு மேல முடியுற இடத்துல இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கணும்."

"தோத்ததால சொல்றியா?"

"அதுவும்தான். ஆனா நெசமாவே இறுக்கணும்."

அவள் மேப்பைத் திறந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "எங்கேன்னு காட்டு."