சீனி சேராத மாம்பழ ஐஸ்

கரண்டி வளைந்துவிட்டது. பொன்னம்மை அதைத் தூர எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதுவும் வளைந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவில் மாம்பழ ஐஸ் கல்லாக இறுகிக் கிடந்தது. கத்தியால் ஓங்கிக் குத்திப் பார்த்தாள். ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான்.

முன்னறையில் கணவர் ஆறுமுகநயினார் மூச்சு விடுவது அடுக்களை வரை கேட்டது. நேற்று வரை இல்லாத ஒரு கரகரப்பு அதில் காலையிலிருந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் நீது, மகன் ஸ்ரீகுமாரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகன் அதை வந்து சொல்லவில்லை. பொன்னம்மையும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன.

முந்தாநாள் அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு துண்டு செங்கவருக்கை மாம்பழம் கிட்டினா கொள்ளாம்."

துண்டு கூடவே கூடாது என்று நீது கையை ஆட்டிவிட்டாள். "தொண்டையில குடுங்கும் அம்மே. தணுத்ததா ஜில்லுன்னு, ஸ்பூன் முனையில கொஞ்சம் வச்சுக் கொடுத்தா போதும். ஷுகர் ஒண்ணும் இனி பாக்க வேண்டாம்."

அப்போதுதான் மருமகள் ஷில்பா இந்த ஐஸைச் சொன்னாள். "மெஷின் ஒண்ணும் வேண்டாம் அம்மே. மாம்பழத்தை நறுக்கி ராத்திரி ஃப்ரீசர்ல வைக்கணும். காலையில பஞ்சாரையும் எலுமிச்சை நீரும் விட்டு மிக்ஸியில அடிச்சுத் திரும்ப வச்சா, உச்சைக்கு ரெடி." அவள் பேச்சில் சீனிக்குப் பஞ்சாரை என்று பெயர். பழத்தை அவளே நறுக்கி வைத்தாள். அரைப்பதை மட்டும் பொன்னம்மை விட்டுக்கொடுக்கவில்லை. "நான்தான் அரைப்பேன். என் கையாலதான் குடுக்கணும்."

அதற்குக் காரணம் உண்டு. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் காலமெல்லாம் சீனியும் கருப்பட்டியும் மொத்தமாக விற்ற மனிதருக்கு, சொந்த வீட்டுக் காப்பியில் சீனி கிடையாது. டாக்டர் ஒருதரம் சொன்னதைப் பொன்னம்மை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்து காவல் காப்பாள். பாயசம் அவர் இலையில் விழுவதற்குள் இவள் கை குறுக்கே நீண்டுவிடும். "வீட்டுக்குள்ளேயே எஸ்.ஐ. இருக்காளே வே" என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். காலும் கண்ணும் கெடாமல் எழுபத்தெட்டு வரை மனிதரைக் கொண்டுவந்து சேர்த்தது தான்தான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. கடைசியில் சீனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டி வயிற்றில் வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றையும் வீணாகத் தடுத்துவிட்டோமோ என்று நினைத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஒன்றையாவது தித்திக்கத் தித்திக்கக் கொடுத்துவிட வேண்டும்.

ஷில்பா வந்து டப்பாவைப் பார்த்தாள். கத்தியில் ஒட்டிய துணுக்கை நாக்கில் வைத்தாள்.

"அம்மே, பஞ்சாரை இட்டில்லே?"

"போட்டனே."

"எவ்வளவு?"

பொன்னம்மை யோசித்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "குளிகை. நாலு குளிகை போட்டேன்."

சீனிக்குப் பதில் அவர் காப்பியில் போடும் இனிப்பு மாத்திரை, கடைசியில் லேசாகக் கசக்கும். ஷில்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ. பஞ்சாரை மதுரத்துக்கு மட்டும் இல்ல அம்மே. அது சேர்ந்தாத்தான் பொலபொலன்னு வரும். இல்லேன்னா இப்படிக் கல்லாப் போகும்."

"சீனி எடுக்கணும்னுதான் நினைச்சேன் மக்களே. கை அது பாட்டுக்குக் குளிகை டப்பாவுக்குப் போயிட்டு." பொன்னம்மை தன் வலது கையைப் பார்த்தாள். அதை வெட்டிப் போட்டால் என்ன என்று ஆத்திரம் வந்தது.

"சாரமில்ல, பரவாயில்ல அம்மே. சூடுவெள்ளத்தில டப்பாவை வச்சு இளக்குவோம். பஞ்சாரை விட்டு இன்னொரு தடவை அடிச்சு, அரைக்கட்டியாவே கொடுக்கலாம். பஞ்சாரை எங்கே?"

அதுதானே கேள்வி. விருந்தாளிகளுக்கென்று வாங்கும் சீனியை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, கண்டுபிடித்துவிடுவார். அதனால் மாதாமாதம் இடம் மாறும். இந்த மாதம் எங்கே வைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. உளுந்து டின்னைக் கவிழ்த்தாள். அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெந்நீரில் டப்பா ஒரு பக்கமாக இளக ஆரம்பித்தது.

ஸ்ரீகுமார் வாசலில் வந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. "எம்மா, வா. பால் ஊத்தச் சொல்லுகா சித்தி."

சித்தி என்றது பிரேமாவை, அவர் தம்பி பெண்டாட்டி. கட்டிலருகே கிண்ணத்தோடு நிற்கிறாள் போல.

"பாலா? அவுகளுக்குப் பாலே புடிக்காது. செத்த நேரம் இருக்கச் சொல்லு."

"எம்மா, நேரம் இல்ல."

"இருக்கச் சொல்லுல!"

பரணில் கிடந்த பழைய இட்லிக் கொப்பரைக்குள் சீனி இருந்தது. அளக்கவில்லை. கை நிறைய அள்ளினாள், இன்னொரு கை அள்ளினாள். மிக்ஸி அலறியது. முன்னறையிலிருந்து பிரேமாவின் குரல் வந்தது. "இந்த நேரத்துல மிக்ஸியா? ஆளுக என்ன சொல்லும்?"

ருசி பார்க்க நேரமில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி கட்டியும் பாதி கூழுமாக இருந்தது விளிம்பில் வழிந்து நடையெல்லாம் சொட்டியது.

பிரேமா ஒதுங்கி இடம் விட்டாள். அவர் கண் பாதி திறந்து மேலே நிலைத்திருந்தது.

"இஞ்ச பாருங்கோ. மாம்பழம் கொண்டாந்திருக்கேன். சீனி போட்டிருக்கு, நிறையப் போட்டிருக்கு."

கரண்டி முனையை உதட்டுக்குள் கொடுத்தாள். தொண்டை அசைந்த மாதிரி இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. ஒரு மூச்சு வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அடுத்ததற்கு எல்லோரும் காத்து நின்றார்கள். அது வரவில்லை.

வாயோரம் வழிந்த மஞ்சளைப் பொன்னம்மை பெருவிரலால் துடைத்தாள். "ருசி தெரிஞ்சிருக்குமா மக்களே?"

"தெரிஞ்சிருக்கும் அம்மே" என்றாள் ஷில்பா, ரொம்ப வேகமாக.

பொன்னம்மைக்கு நம்பிக்கை வரவில்லை. சீனி கரைந்ததோ இல்லையோ, நாக்கில் பட்டது அந்தக் குளிகையின் கசப்புதானோ. கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். செத்ததற்கா, இதற்கா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடிந்திருக்காது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். அவரைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். விளக்கு ஏற்றினார்கள். அடுப்பு மூட்டக்கூடாது என்று எதிர்வீட்டிலிருந்து காப்பி வந்தது. பொன்னம்மை கூடத்தில் உட்காரவில்லை. எழுந்து நடப்பாள், அடுக்களை வாசலில் நிற்பாள், யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்தால் மறுபடி எழுந்துவிடுவாள். கடைசியில் காலி கட்டிலின் அருகே தரையில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது பிரேமா துடைப்பத்தோடு வந்தாள். "எக்கா, எறும்பைப் பாத்தியளா! அடுக்களையிலிருந்து கட்டில் வரைக்கும் வரிசை கட்டி நிக்குது. மஞ்சப்பொடி தூவட்டா?"

பொன்னம்மை குனிந்து பார்த்தாள். நடையில் சொட்டிய ஒவ்வொரு சொட்டையும் சுற்றிக் கறுப்பாக மொய்த்திருந்தன. கட்டில் காலருகே கரண்டியிலிருந்து விழுந்த கடைசிச் சொட்டில்தான் கூட்டம் அதிகம்.

"தூவாத பிரேமா."

"என்னக்கா?"

"அது தின்னுட்டுப் போகட்டும்."

வரிசைக்கு வழிவிட்டு, நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.