தாளின் பின்பக்கம்

வளவன் துக்கத்துக்கு முன்னுரை எழுதியிருந்தான். 'துக்கம் என்பது மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும்' என்று தொடங்கி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆட்டுக்குட்டி செத்துப்போனதை நடுவில் ஒரே வரியில் முடித்து, அடிக்கோடு போட்டு முடிவுரையும் வைத்திருந்தான்: 'எனவே நாம் அனைவரும் துக்கத்தைத் தவிர்ப்போமாக.' மங்கை டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பள்ளியில் தலைமையாசிரியை வளர்மதி இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தது அது. தீபாவளியோ, நீரின் அவசியமோ, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற செஞ்சிக் கோட்டையோ, எதுவானாலும் அதற்கு ஒரு முன்னுரையும் முடிவுரையும் இருந்தாக வேண்டும்.

மறுநாள் மங்கை ஒரு வேலை செய்தாள். கோபம், பயம், சந்தோஷம், துக்கம், வெட்கம் என்று ஐந்து சீட்டு எழுதித் தன் டிபன் பாக்ஸில் போட்டு மூடி பீரோ மேல் ஏற்றி வைத்தாள்.

"இந்த அஞ்சு பேருக்கும் கதை நேரத்துல லீவு. யாரும் கூப்பிடக் கூடாது."

"அப்புறம் எப்டி டீச்சர் எழுதறது?" என்றாள் ஜெயசுதா.

"கை என்ன பண்ணுச்சு, கால் என்ன பண்ணுச்சு, பக்கத்துல இருந்த சாமான் என்ன ஆச்சு, அதை எழுது. வார்த்தைய மட்டும் தாளுக்குப் பின்பக்கம் எழுதி மறைச்சு வை. மத்தவங்க கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சா கடலை மிட்டாய்."

மிட்டாய் என்றதும் ஐந்தாம் வகுப்பு முழுசும் எழுத்தாளர்களாகிவிட்டது. வளவன் ஆட்டுக்குட்டியை மறுபடி எழுதினான். 'பால் புட்டியைக் கழுவி வைத்தேன். மறுநாள் பால் இல்லை. சும்மா கழுவினேன்.' அதை அவன் படித்து முடித்தபோது யாருக்கும் மிட்டாய் ஞாபகம் வரவில்லை. பதினோரு வருஷ வேலையில் தான் சொல்லிக் கொடுத்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று அன்றைக்கு மங்கைக்குத் தோன்றியது.

வளர்மதி மேடத்துக்கு அப்படித் தோன்றவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா பசங்க இன்னா எழுதுவாங்க? வீட்டுல நடக்கறதத்தான் எழுதுவாங்க. வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டம். அவங்க முன்னாடியே படிக்கச் சொல்லும்மா. ஒரே ஒரு வீட்டுலேர்ந்து கம்ப்ளைண்ட் வந்தாலும் அந்தப் பீரியட் வாய்ப்பாட்டுக்குப் போயிடும்."

அதனால்தான், வெள்ளிக்கிழமை படிக்கிற தாள்களையெல்லாம் போட்டு வைத்த பிஸ்கட் டப்பாவிலிருந்து மாஹிராவின் தாளை மட்டும் மங்கை தனியாக எடுத்து மேஜை டிராயரில் போட்டாள். மாஹிராவின் அப்பா அன்வர் பாஷா திண்டிவனம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக். நல்ல மனிதர்தான். ஆனால் கடையில் இருந்து அவர் போன் பேசினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். போன சனிக்கிழமை அவர் மகளைத் தெருவில் நிறுத்திக் கத்தியதையும், அதற்குப் பிறகு அவளிடம் பேசாமல் இருப்பதையும் அந்தப் பிள்ளை வரி விடாமல் எழுதியிருந்தது. நாற்பது பேர் முன்னால் அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் சும்மா போவாரா?

வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் மாஹிரா மேஜையருகே வந்து நின்றாள்.

"என்னோடது டப்பாவுல இருக்குதா டீச்சர்?"

"இருக்குதே."

"அத்தா வர்றாங்க. வேணாம்னுதான் சொன்னாங்களாம், அம்மாதான் அனுப்புறாங்க."

அவள் போன பிறகு மங்கைக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத் தானே ஒன்றை ஒளித்து வைத்ததுமில்லாமல், பொய்யும் சொல்லியாயிற்று. பொய்யை உண்மையாக்க ஒரே வழிதான் இருந்தது. டிராயரைத் திறந்து தாளை எடுத்து பிஸ்கட் டப்பாவின் அடியில் செருகினாள். அடியில் இருந்தால் முறை வருவதற்குள் மணி அடித்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

மூன்று மணிக்குப் பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிச் சிரமப்பட்டு உட்கார்ந்தார்கள். அன்வர் பாஷா உட்காராமல் பின்சுவரில் சாய்ந்து நின்றார். வளர்மதி மேடம் முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக இருந்தார். முதலில் வந்தது ஜெயசுதாவின் தாள்.

"எங்க நைனா கடலைக் கொல்லையிலேர்ந்து வந்தார். மழை கொட்டியது. குடை கக்கத்தில் இருந்தது. விரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் உள்ளே வராமல் வாசலில் நின்று தலையை மட்டும் துவட்டினார். மறுபடி நனைந்தார்."

"சந்தோஷம்," என்று ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். வல்லத்தில் வேர்க்கடலை போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருந்த பச்சைமுத்துதான் அந்த நைனா. "இதையெல்லாமா பாத்துக்கினு இருக்குது இது" என்று வெட்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வகுப்பே சிரித்தது. வளர்மதி மேடத்துக்குக்கூடச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டப்பாவைக் குலுக்கிய வளவன் என்ன நினைத்தானோ, அடியில் கையை விட்டு உருவினான்.

மாஹிரா கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்று, அப்பா இருக்கிற பக்கம் பார்க்காமல் படித்தாள்.

"நானும் மஞ்சுவும் கோட்டை அடிவாரத்தில் குரங்குக்குட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். வரும்போது இருட்டாகிவிட்டது. அத்தா தெருமுனையில் நின்றார்கள். ஒரு காலில் அத்தா செருப்பு. இன்னொரு காலில் அம்மா செருப்பு." பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. "கடையை மூடாமல் வந்திருந்தார்கள். கையில் ஸ்பேனர் இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என் தலையைத் தொட்டார்கள். கையைத் தொட்டார்கள். முட்டியைத் தொட்டார்கள். அப்புறம் தெருவே பார்க்கிற மாதிரி கத்தினார்கள். அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பு ஆடி எல்லாம் சட்டையில் கொட்டியது. குடிக்கவில்லை. அதிலிருந்து என்னிடம் பேசவில்லை."

"இதுல இன்னா சந்தேகம், கோபம்தான்" என்றார் பச்சைமுத்து. ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். வளர்மதி மேடமும் தலையசைத்தார். மங்கை தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் பென்சிலால் அழுத்தமாகக் கோபம் என்று எழுதியிருந்தது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்து மிட்டாய்ப் பொட்டலத்தில் கையை விட்டாள்.

"அது தப்பு டீச்சர்."

அன்வர் பாஷாவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக அங்கே யாரும் கேட்டதில்லை. வளர்மதி மேடம் பேனா மூடியைக் கழற்றினார். வாய்ப்பாடு என்று எழுதத்தான் என்று மங்கை நினைத்தாள்.

"என்ன தப்பு பாய்?" என்றாள்.

"பாப்பா எழுதுனது எல்லாம் சரி. ஒண்ணுகூட விடல. பின்னாடி எழுதியிருக்குற வார்த்ததான் தப்பு." அவர் சுவரை விட்டு நகரவில்லை. "அன்னிக்கி தெருத்தெருவா தேடிட்டு செட்டிகுளத்தாண்ட போனேன் டீச்சர். கரையில சின்னதா ஒத்தச் செருப்பு ஒண்ணு கெடந்துச்சு. இருட்டுல யாருதுன்னு தெரியல. கையில எடுத்துப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. அப்டியே திரும்பி ஓடியாந்தேன். வந்தா, இவ எதிர்ல வர்றா. அது கோபம் இல்ல. பயம்."

மங்கை தாளைத் திருப்பிப் பார்த்தாள். தலை, கை, முட்டி. பத்து வயசுப் பிள்ளை, தனக்கே புரியாததை அப்படியே பார்த்து எழுதி வைத்திருந்தது. இரண்டு தடவை படித்தும் தனக்குப் புரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் படித்ததெல்லாம் கம்ப்ளைண்ட் வருமா என்றுதானே.

"எழுதினவங்க சொல்றதுதான் தீர்ப்பு. நீ சொல்லு மாஹிரா."

மாஹிரா அப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப ஆறு நாளா ஏன் பேசல?"

"அவ்ளோ கத்திட்டு, அப்புறம் இன்னா பேசறதுன்னு தெரியலம்மா."

அவள் நன்றாக யோசித்தாள். பிறகு டீச்சர் கையிலிருந்த தாளையும் ஒரு கடலை மிட்டாயையும் வாங்கிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். போகிற வழியில் வளவனிடம் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டாள். மிட்டாயை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு, ஆறு நாளில் முதல் தடவையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சின்ன பெஞ்சு கிறீச்சிட்டது.

வளர்மதி மேடம் மங்கையின் பக்கம் சாய்ந்தார். மூடி திறந்த பேனா அப்படியே இருந்தது, நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

"இதுக்கு முடிவுரை எங்கம்மா?" என்றார், பாதி கிண்டலாக. கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் கிண்டல்.

"எழுதிக்கிட்டிருக்காங்க மேடம்."

கடைசி பெஞ்சில் மாஹிரா அந்த வார்த்தையை அழித்துக்கொண்டிருந்தாள். அழுத்தி எழுதியது, லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தாள் நகர்ந்தது. கன்னத்தில் மிட்டாயை அடக்கிக்கொண்டு அன்வர் பாஷா தாளின் மூலையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார். அவள் அழித்து முடித்ததும் அவர் விரலை எடுத்தபோது அந்த இடத்தில் கிரீஸ் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. மாஹிரா ரப்பர் தூளை ஊதிவிட்டு, அந்த ரேகைக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தாள்.