கேவராவின் கூடையிலிருந்து ஒரு முளை

1

“என்ன மாதிரி வாயே திறக்காதவனப் பத்தி எப்படிடி கதை எழுதுவே?” என்று கேம்லால் ஒருமுறை என்னிடம் கேட்டான். கேம்லால் என் பெரியப்பா மகன். தவிட்டு மூட்டைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நோட்டு அவன் கையில் இருந்தது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அந்தக் கேள்வியில்தான் இந்தக் கதை தொடங்கியது.

2

கேம்லால் கேவராவை உயிருக்கு உயிராக—

(வேண்டாம். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.)

களை பறிக்கிற நாட்களில், எங்களோடு வயலுக்கு வரும் கேவராவின் தூக்குச்சட்டியிலிருந்து கேட்காமல் பழைய சோற்றை எடுத்துத் தின்பவன் கேம்லால் மட்டும்தான். இப்படித் தொடங்கலாம்.

“உனக்குப் பொண்ணு பாக்குறாங்களாமே! அங்கயாவது பேசுவியா, இல்ல வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பியா?” என்பாள் அவள்.

“வெங்காயம் நல்லாருக்கு” என்பான்.

(இந்த இடத்தில் அவன் மனதில் இருப்பதைச் சொல்ல வைக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பேசியது நான்தான்.)

3

போஜலி கரைக்கும் நாள். எங்கள் சத்தீஸ்கர்ப் பக்கத்தில், கூடையில் வளர்த்த கோதுமை முளைகளைக் குளத்தில் விடுவோம். கொஞ்சம் எடுத்து வைத்து வேண்டியவர் காதில் செருகுவோம். அப்படிச் செருகிக்கொண்ட இருவர் மித்தான்கள். அன்றிலிருந்து இரண்டு வீடும் ஒரே வீடு. மித்தானின் தங்கை, தங்கைதான்.

கேவராவின் அண்ணன் மன்ஹரண் அவளிடம் முளை கேட்டான்.

“யாருக்கு?”

“நம்ம கேம்லாலுக்குத்தான். இன்னிலேருந்து அவன் எனக்கு மித்தான்.”

அவள் கூடையையே பார்த்தாள். பிறகு கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்றா? இப்போதாவது அவன் பேசட்டும் என்றா? இதை எழுதிப் பார்த்தே ஒரு நோட்டு தீர்ந்தது.

4

முடிவு ஒன்று: கேம்லால் தலையை இழுத்துக்கொள்கிறான். “வேணாம் மன்ஹரண். நான் கேவராவை—”

(நன்றாக இருக்கிறது. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: கேவராவே—

(அவளுக்காகப் பேச எனக்குத் துணிவில்லை.)

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான். கேம்லால் காதைக் கொடுத்தான். மன்ஹரண் முளையைச் செருகி, அவன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

“என்ன மித்தான், நிக்கிற? தங்கச்சி காலத் தொட்டுக் கும்பிடு!”

தங்கையின் காலை அண்ணன் தொடுவது எங்கள் வழக்கம். கேம்லால் குனிந்தான். விரல் படுவதற்குள் கேவரா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரையேறிப் போனாள்.